வெளியில் ஆறினால் உள்ளே ஆறியதாகுமா?

"தையல் வடிவா ஆறீட்டுது, இனி ஒரு பயமுமில்லை." சீசர் செய்து பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இந்தத் தீர்ப்பு வழங்கப்படாத வீடு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இராது. மாமி சொல்வார், பக்கத்து வீட்டு அன்ரி சொல்வார், ஆறாம் கிழமைக் கிளினிக்கில் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கிறவரும் சொல்வார். மூவரும் பார்ப்பது தோலை. கத்தி தோலோடு நிற்கவில்லை. கொழுப்பையும் தசையுறையையும் வயிற்றறைச் சவ்வையும் கடந்து, கருப்பையின் சுவரைத் திறந்துதான் பிள்ளை எடுக்கப்பட்டது. அந்தச் சுவரிலும் ஒரு தையல் இருக்கிறது. அது ஆறிய விதத்தை வெளிக்கோடு சொல்லாது. வெளிக்கோடு மங்கி மறைந்துபோனவளுக்கு உள்ளே பள்ளம் இருக்கலாம். தடித்துப் பொருமிய தழும்போடு திரிகிறவளுக்கு உள்ளே சுவர் ஒழுங்காகப் பொருந்தியிருக்கலாம்.

இது வெறும் பிழையான நம்பிக்கையாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் இது பெண்களின் வாயை அடைக்கிறது. தையல் ஆறிவிட்டதென்று ஊரே ஒப்புக்கொண்ட பிறகு, மூன்று வருடம் கழித்து வருகிற கசிவையோ நோவையோ அந்தச் சத்திரசிகிச்சையோடு சேர்த்துப் பார்க்க அவளுக்கும் தோன்றுவதில்லை, அவளைப் பார்க்கிற வைத்தியருக்கும் பல வேளை தோன்றுவதில்லை.

இந்த நினைப்பு எங்களுக்கு வந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. 1882இல் ஜெர்மனியில் மக்ஸ் சேங்கர் கருப்பையைத் தைத்து மூடும் முறையை எழுதி வெளியிடும்வரை, வயிறு கீறிப் பிள்ளை எடுப்பதென்றால் பெரும்பாலும் தாயைப் பறிகொடுப்பதுதான். எங்கள் கதை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 1990களின் யுத்தத்தில், மின்சாரமில்லாமல், மருந்துத் தட்டுப்பாட்டோடு, பாதை மூடிக் கிடந்த குடாநாட்டில் தாயும் பிள்ளையும் உயிரோடு வீடு வந்து சேர்ந்தால் அதற்கு மேல் யார் என்ன கேட்பது? அன்றைக்கு அது நியாயமான அளவுகோல். இன்றைய பெண்ணுக்கும் அதையே பிடிப்பது நியாயமில்லை. இன்று இலங்கையில் பிரசவத்தில் தாய் இறப்பது அரிது. இறந்தால் ஒவ்வொரு இறப்பும் தனித்தனியே விசாரிக்கப்படுகிறது. அதே நாட்டில், 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, பிரசவங்களில் 32 சதவீதம் சிசேரியன். ஏறக்குறைய மூன்றில் ஒரு தாய். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதற்குத் துல்லியமான கணக்கு வைத்திருக்கிறோம். பிழைத்தவள் மாதாமாதம் என்ன படுகிறாள் என்பதற்கு எந்தக் கொப்பியிலும் கூண்டில்லை.

உள்ளே நடப்பது இதுதான். கருப்பையின் கீழ்ப்பகுதியில், கழுத்துக்குச் சற்று மேலே, குறுக்காகக் கீறுவார்கள். ஆறும்போது அந்த இடத்தில் தசை முழுத் தடிப்புக்கு வராமல் உட்பக்கமாக ஒரு குழிவு விழுவதுண்டு. வைத்தியர்கள் நிஷ் என்பார்கள், இஸ்த்மோசீல் என்பார்கள். நான் தழும்புப் பள்ளம் என்று சொல்லிக்கொண்டு போகிறேன். ஆழம் இரண்டு மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் அதைப் பள்ளம் எனக் கொள்ளலாம் என்று 2019இல் ஐரோப்பிய வல்லுநர் குழுவொன்று வரையறுத்தது. மாதவிடாய் இரத்தத்தில் கொஞ்சம் அங்கே தங்கிவிடுகிறது. சுற்றியுள்ள தசை மெலிந்திருப்பதால் அதைப் பிழிந்து தள்ள வலுவில்லை. மழை விட்டு இரண்டு நாளாகியும் ஒழுங்கைப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிற மாதிரி, போக்கு நின்ற பிறகும் அது நின்று நின்று கசிகிறது. கபில நிறத்தில், கொஞ்சங்கொஞ்சமாக, நாட்கணக்கில்.

நாட்கணக்கில் என்பதை ஒரு சைவ வீட்டுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாம் நாள் தலைமுழுகியாயிற்று. ஏழாம் நாள் உடுப்பில் கறை. எட்டாம் நாள் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் காலை துணிந்து சாமியறையில் விளக்கேற்றிவிட்டு வந்தால் மத்தியானம் மறுபடி. இது துடக்கோ இல்லையோ என்று யாரிடம் போய்க் கேட்பது? நல்லூரில் கொடியேறினால் 25 நாள் திருவிழா. வீடு முழுக்க விரதம். இவள் மட்டும் எந்தக் கிழமை வீதியில் கால் வைக்கலாம் என்று கலண்டரோடு நிற்கிறாள். (துடக்குப் பார்ப்பது சரியா பிழையா என்பது வேறு வழக்கு, அதை இங்கே இழுக்கவில்லை.) 2023இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து இதற்குச் சிசேரியன் தழும்புக் கோளாறு என்று பெயரிட்டு அறிகுறிகளைப் பட்டியலிட்டார்கள். கசிவு, நோவு, அடுத்த குழந்தை தங்காமை ஆகியவற்றோடு, உடலுறவைத் தவிர்ப்பது, தன்னைத் தானே தாழ்வாக நினைப்பது, பொழுதுபோக்குகளில் சேரச் சங்கடப்படுவது ஆகியவையும் அதில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் இணுவிலிலோ கரவெட்டியிலோ எழுதப்பட்டிருந்தால் கோயில் முதல் வரியில் வந்திருக்கும்.

இனி, அவள் வாய் திறந்து கேட்டால் கிடைக்கிற பதில்களுக்கு வருவோம். வீட்டில் பெரும்பாலும் பழி விழுவது "முள்ளந்தண்டிலை போட்ட ஊசி"யில். முதுகு நோவா, ஊசி. கால் உளைவா, ஊசி. பத்து நாள் கசிவா, அதுவும் ஊசி. அந்த மருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியைச் சில மணி நேரத்துக்கு நிறுத்திவிட்டுப் போய்விடுகிறது. வருடக்கணக்கான முதுகு நோவுக்கே அது காரணமென்று ஆய்வுகள் நிறுவவில்லை. மாதவிடாயோடு அதற்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. ஊசியை விட்டால் பத்தியம். சரக்குத்தண்ணி ஒழுங்காகக் குடிக்கவில்லை, வேது விட்டுப்போச்சு, பச்சை உடம்போடு படியேறித் திரிந்தவள். பத்தியக் கறியின் ருசியில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் இந்தப் பதிலின் உள்நோக்கத்தைப் பாருங்கள்: நோய் அவளுடைய குற்றமாகிவிடுகிறது. பள்ளம் விழுவதோடு ஆய்வுகள் தொடர்புபடுத்துகிற காரணிகள் வேறு. முன்பும் சீசர் நடந்திருப்பது, கழுத்து நன்றாக விரிந்த பிறகு அவசரமாகக் கீற நேர்வது, கீறல் மிகக் கீழே அமைவது, கருப்பை பின்பக்கம் சாய்ந்திருப்பது, உடல் பருமன், கர்ப்பகாலச் சலரோகம். பின்லாந்தில் 371 தாய்மாரைப் பார்த்து 2018இல் வெளிவந்த ஆய்வில் 45.6 சதவீதத்தினருக்குப் பள்ளம் இருந்தது. சலரோகமும் பருமனும் அதில் தெளிவாகத் தெரிந்தன. சரக்குத்தண்ணி எந்த ஆய்வின் பட்டியலிலும் கிடையாது.

படித்தவர்களின் பதில் "ஹோர்மோன் பிரச்சினை". இது கொஞ்சம் மரியாதையான பதில் என்பதால் மறுப்பதற்குக் கடினம். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெப்போ ஊசி போடுகிற பெண்ணுக்குத் தாறுமாறாகக் கசிவது உண்மை. தைரோயிட் கோளாறிலும் மாதவிடாய் குழம்பும். அதனால்தான், "கசிகிறது" என்று கேட்டவுடன் மாத்திரை எழுதாமல், எப்படிக் கசிகிறது என்று கேட்க வேண்டும். ஹோர்மோன் குழப்பத்தில் இரத்தம் வருகிற நாளுக்கு ஒழுங்கு இராது. பள்ளத்தில் ஒழுங்கு உண்டு: மாதவிடாய் திகதிக்கு வரும், வழக்கம்போல் ஓடும், குறையும், பிறகு கபில நிறத்தில் இரண்டு நாளோ ஆறு நாளோ இழுபடும். சீசருக்கு முன்பு இப்படி இருந்ததில்லை, பிறகுதான் என்று அவளே சொல்வாள், கேட்டால். கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். நூறு பேர் வாங்கில் காத்திருக்கும் கிளினிக்கில் அந்த ஒரு நிமிடமும் பெரிது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மூன்று மாதம் மாத்திரை, பிறகு வேறு மாத்திரை, பிறகு ஒரு டி அன்ட் சி என்று அலைக்கழிவதில் செலவாகிற நேரம் அந்த ஒரு நிமிடத்தைவிடக் குறைந்ததா? டி அன்ட் சி கருப்பையின் உட்பூச்சைச் சுரண்டுகிறது. பள்ளத்தை அது நிரப்பாது. மெலிந்த சுவரில் கருவி பட்டுத் துளை விழும் ஆபத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் எங்கள் சுகாதார ஒழுங்கின் ஓட்டை ஒன்றும் இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் பிரசவம் முடிந்ததும் வீடு தேடி வருகிறார். ஆறாம் கிழமை தாய்க்குக் கிளினிக். உலகத்துக்கே எடுத்துக்காட்டான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆறாம் கிழமையில் பால் கொடுக்கும் தாய்க்கு மாதவிடாய் பெரும்பாலும் திரும்பியிருக்காது. மாதவிடாய் வராமல் பள்ளம் தன்னைக் காட்டிக்கொள்ளாது. அது காட்டத் தொடங்கும் எட்டாம், பத்தாம் மாதத்தில் எல்லோருடைய கண்ணும் பிள்ளையின் நிறைக் கோட்டில். அதாவது தாயைப் பார்த்து முடித்து, ஆறிவிட்டது என்று கையெழுத்தும் வைத்த பிறகுதான் நோய் ஆரம்பமாகிறது.

சரி, ஒருவழியாக ஸ்கானுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஸ்கான் நோமல்" என்று ரிப்போட் வந்துவிட்டது. இதைவிடப் பெரிய பூட்டு கிடையாது. அதற்குப் பிறகு அவள் சொல்வதெல்லாம் மனப்பிரமை. அந்த ஸ்கான் எப்படி எடுக்கப்பட்டது என்று பார்ப்போம். தண்ணீர் குடித்து, சலத்தை அடக்கிக்கொண்டு வரிசையில் இருந்து, வயிற்றின் மேல் குளிர்ந்த ஜெல் பூசிப் பார்த்தது. கொண்டுபோன துண்டில் இடுப்பறை ஸ்கான் என்பதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சீசர் நடந்ததும் இல்லை, கசிவு எப்படி என்பதும் இல்லை. பார்த்தவர் கருப்பை இயல்பான அளவு, சூலகங்கள் இயல்பு என்று எழுதினார். அவர் பொய் எழுதவில்லை. அவரிடம் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

வயிற்றின் மேலால் பார்க்கும் ஸ்கானில், அதுவும் பருத்த உடம்பில், சில மில்லிமீற்றர் பள்ளம் எளிதில் தப்பிவிடும். பார்க்க வேண்டியது யோனிவழி ஸ்கானில். சனங்கள் உள்ளால பார்க்கிற ஸ்கான் என்கிறார்களே, அது. நாளும் பார்த்துச் செய்ய வேண்டும். போக்கு நின்று ஓரிரு நாளில், கசிவு இன்னும் இருக்கும்போதே பார்ப்பது நல்லது. பள்ளத்தில் தேங்கிய இரத்தம் அதன் ஓரத்தைத் தானே வரைந்து காட்டும். கருப்பையை நீளவாட்டில் திரையில் கொண்டுவந்தால், முன்சுவரில், கழுத்துக்கு மேலே, உட்பக்கம் அகலமாகவும் சலப்பைப் பக்கம் கூராகவும் ஒரு கறுத்த முக்கோணம். சில பெண்களில் அதிலிருந்து கிளைகளும் ஓடும். அதன் ஆழத்தையும் நீளத்தையும் அகலத்தையும் அளக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பள்ளத்தின் நுனிக்கும் சலப்பைப் பக்கத்துக்கும் இடையில் எத்தனை மில்லிமீற்றர் தசை மிஞ்சியிருக்கிறது என்று அளக்க வேண்டும். சிகிச்சையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த எஞ்சிய தடிப்புத்தான். மூன்று மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் கருப்பைக்குள் கமரா செலுத்திப் பள்ளத்தின் விளிம்பைச் சீவிவிடலாம். அதைவிட மெலிந்திருந்தால் உள்ளால் சீவுவது சலப்பைக்கு ஆபத்து, வயிற்றுப் பக்கத்தால் போய் வெட்டித் தைக்க வேண்டும்.

அதிலும் தெளியாவிட்டால் மெல்லிய குழாயால் சிறிது உப்புநீரோ ஜெல்லோ செலுத்திக்கொண்டு பார்ப்பார்கள். இதனால் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஆம்ஸ்டர்டாமில் 225 பெண்களிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்கிறது. சாதாரண யோனிவழி ஸ்கானில் 24 சதவீதத்தினருக்குப் பள்ளம் தெரிந்தது. அதே பெண்களுக்கு ஜெல் செலுத்திப் பார்த்தபோது 56 சதவீதம். பெண்கள் மாறவில்லை, கருப்பைகள் மாறவில்லை. பார்த்த விதம் மாறியது. யோனிவழி ஸ்கானிலேயே பாதிக்கு மேல் தவறுமென்றால், சலப்பை நிரம்பிய வயிற்றின் மேலால் பார்த்து நோமல் என்ற தாளுக்கு என்ன பெறுமதி?

"எங்கட பொம்பிளையள் உதுக்கு ஒத்துக்கொள்ளாயினம்" என்று இங்கே ஒரு குரல் எழும். பெண்களின் கூச்சத்தில் எல்லோருக்கும் இவ்வளவு அக்கறை இருப்பது சந்தோஷம். பிரசவ விடுதியில் மணிக்கொருதரம் உள்ளே சோதித்தபோது யாரும் இந்த அக்கறையைக் காட்டியதாக நினைவில்லை. ஏன் செய்கிறோம் என்று தமிழில் இரண்டு வசனம் சொல்லி, ஒரு தாதியைப் பக்கத்தில் நிறுத்தி, போர்த்திவிட்டுச் செய்தால் மறுக்கிறவர்கள் சிலராகவே இருப்பார்கள். கேளாமலே அவள் சார்பில் மறுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சீசர் நடந்த பெண்ணின் கசிவெல்லாம் பள்ளத்தால் வருவதல்ல. பொலிப் இருக்கலாம், ஃபைப்ரோயிட் இருக்கலாம், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் இருக்கலாம். அவற்றைப் பார்த்து விலக்கியாக வேண்டும். வெளித்தையலிலும் ஒரு வேடிக்கை உண்டு. கோட்டின் ஓரத்தில் ஒரு கட்டி, மாதவிடாய் நாட்களில் வீங்கி நோகும், பிறகு அடங்கும். "நூல் உள்ளுக்கை நிண்டிட்டுது" என்பார்கள், அல்லது குடலிறக்கம் என்பார்கள். கருப்பையின் உட்சவ்வு சத்திரசிகிச்சையின்போது தோலடியில் படிந்து அங்கே வளர்வதாலும் இப்படி வரும். மாதக் கணக்கோடு சேர்த்துக் கேட்டால்தான் பிடிபடும்.

மருத்துவர்கள் பக்கத்திலிருந்து வரும் மறுப்பு இவற்றையெல்லாம்விடக் கனதியானது. "பாதிப் பேருக்கு மேல் இருக்கிற ஒன்றை நோய் என்று சொல்லலாமா? தேடத் தொடங்கினால் முடிவுண்டா? சும்மா இருக்கிறவளைப் பயப்படுத்தி இன்னொரு சத்திரசிகிச்சைக்குப் படுக்க வைப்பீர்கள்." இந்தப் பயத்தில் பாதியை நான் முழு மனதோடு ஏற்கிறேன். நெதர்லாந்தில் 2,292 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில் ஏறத்தாழ 70 சதவீதத்தினரிடம் பள்ளம் காணப்பட்டது. அவர்களில் பெரும்பாலானோர் எந்த உபத்திரவமும் இல்லாதவர்கள். அவர்களுக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. 2023இன் வரையறையும் பள்ளம் மட்டும் இருந்தால் நோய் என்று சொல்லவில்லை. பள்ளமும் வேண்டும், அறிகுறியும் வேண்டும். ஆனால் இந்த வாதம் எல்லோரையும் ஸ்கான் செய் என்கிறவருக்குத்தான் பொருந்தும். நான் கேட்பது எல்லோரிடமும் கேள்வி கேளுங்கள், உபத்திரவம் உள்ளவளைச் சரியாக ஸ்கான் செய்யுங்கள் என்று. பலருக்கு இருந்தும் சிலரைத்தான் வருத்துகிறது என்பது, அந்தச் சிலரைப் பாராமல் விடுவதற்குக் காரணமாகாது. அதே ஆம்ஸ்டர்டாம் ஆய்வில் பள்ளம் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கசிவு இருந்தது; இல்லாதவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு. கண்டுபிடித்து என்ன செய்ய என்பதற்கும் விடை இருக்கிறது. குழந்தை இப்போதைக்கு வேண்டாதவளுக்கு மாத்திரையோ ஹோர்மோன் லூப்போ போதும். நெதர்லாந்தில் 103 பெண்களிடம் நடந்த இன்னொரு ஆய்வில் கமரா மூலம் விளிம்பைச் சீவியவர்களுக்குக் கசியும் நாட்கள் குறைந்தன. ஒன்றும் செய்யாவிட்டாலும், இது புற்றுநோயல்ல, பத்தியம் காவாத பாவமுமல்ல என்று தெரிந்துகொள்வதே பல பெண்களுக்குப் பாதிச் சிகிச்சை.

இதற்கு நேரெதிர்ப் பக்கத்தில் இன்னொரு கூட்டம். "தைச்சவர் சரியாத் தைக்கேல்லை." முகநூலில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிச் செய்தி எதுவந்தாலும் கீழே இந்த வரி இருக்கும். மேலே சொன்ன 2,292 பெண்களின் ஆய்வு இதைத்தான் சோதித்தது: ஒற்றை அடுக்காகத் தைப்பதா, இரட்டை அடுக்காகத் தைப்பதா. 2021இல் முடிவு வந்தது. இரட்டை அடுக்குத் தையல் கசிவைக் குறைக்கவில்லை, பள்ளத்தையும் குறைக்கவில்லை. கீறல் எங்கே விழுந்தது, கழுத்து எவ்வளவு விரிந்திருந்தது, அவள் உடம்பு எப்படி ஆறுகிறது என்று பல சேர்ந்து தீர்மானிக்கிற ஒன்றுக்கு ஒரு ஆளைப் பிடித்து நிறுத்தினால், அடுத்த தடவை அந்த வைத்தியரும் பள்ளம் என்ற சொல்லையே எடுக்கமாட்டார். பழிக்குப் பயந்தும் சில உண்மைகள் டயக்னோசிஸ் காட்டில் எழுதப்படுவதில்லை.

காட் என்றதும் அதைச் சொல்ல வேண்டும். வீடு போகும்போது கையில் தருகிற டயக்னோசிஸ் காட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு திகதி, எல்.எஸ்.சி.எஸ் என்று நாலெழுத்து, பிள்ளையின் நிறை, இரும்புச்சத்து மாத்திரை. சத்திரசிகிச்சைக் கொப்பியில் உள்ள விவரத்தில் காற்பங்கும் அதில் வராது. கழுத்து எத்தனை சென்ரிமீற்றர் விரிந்த பிறகு கீறினார்கள்? கீறல் பக்கவாட்டில் கிழிந்ததா? நிலைக்குத்தாக வெட்ட நேர்ந்ததா? இரத்தம் கூடப் போனதா? இரண்டு வருடத்தில் அதே பெண் ஸ்பொன்சரில் ரொறன்ரோ போய் அங்கே கர்ப்பமாவாள். அங்குள்ள வைத்தியர் கேட்கும் முதற்கேள்வி இவைதான். அவளிடம் லமினேற் பண்ணிய நாலெழுத்து இருக்கும். 1857இலேயே மோன்செல் எழுதிய மகப்பேற்று நூலை மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழில் கொண்டுவந்த ஊர் இது. இன்று ஒரு தாய்க்கு அவளுடைய கருப்பையில் என்ன நடந்தது என்பதைத் தமிழில் நாலு வரி எழுதிக் கொடுக்க எங்களுக்கு நேரமில்லை.

"ஒருக்கா சீசர் எண்டால் எப்பவும் சீசர்" என்பதும் இந்தக் குடும்பத்துச் சரக்குத்தான். 1916இல் நியூயோர்க்கில் எட்வின் கிரகின் அதைச் சொன்னபோது கருப்பையை மேலிருந்து கீழாகக் கீறினார்கள். அந்தத் தழும்பு பிரசவ வலியில் வெடிக்கும் ஆபத்து அதிகம். இன்றைய குறுக்குக் கீறலில் ஒருமுறை சீசர் நடந்தவர்களில், தகுந்தவர்களைத் தெரிந்தெடுத்து வலி வர விட்டால் 72 முதல் 75 சதவீதத்தினர் வழக்கம்போலப் பெறுகிறார்கள், ஏறக்குறைய 200இல் ஒருவருக்குத் தழும்பு பிரிகிறது என்று பிரித்தானிய ரோயல் கல்லூரியின் 2015 வழிகாட்டி சொல்கிறது. அந்த 200இல் ஒன்று சிறிய விடயமல்ல. உடனே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோகக்கூடிய இடத்தில்தான் முயல வேண்டும். ஆனால் நிறைமாதத்தில் "ஸ்கானிலை தையல் மெல்லிசாக் கிடக்கு" என்ற ஒரு வசனத்தோடு முடிவெடுப்பது வேறு. இத்தனை மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் வெடிக்கும் என்று உலகம் ஒப்புக்கொண்ட ஓர் எல்லை இன்றுவரை இல்லை. வேடிக்கை என்னவென்றால், கசிவோடு வந்தபோது தழும்பு எப்படி இருக்கிறதென்று பார்க்க மனமில்லாத அதே ஒழுங்கு, இப்போது அதே தழும்பை மில்லிமீற்றர் கணக்கில் நம்பச் சொல்கிறது.

உயிருக்கே உலை வைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அடுத்த கரு அந்தத் தழும்பிலேயே ஒட்டிக்கொள்வது. 1978இல் மருத்துவ இதழில் முதலில் பதிவான இது, இரண்டாயிரம் கர்ப்பங்களுக்கு ஒன்று என்ற அளவில் வருவதாக மதிப்பிடுகிறார்கள். சிசேரியன் கூடக் கூட இதுவும் கூடும். கவனியாமல் வளரவிட்டால் இளங்கொடி கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு சலப்பை வரைக்கும் வேரோடும். பிரசவத்தில் அதைப் பிரித்தெடுக்க முடியாமல் கருப்பையையே அகற்ற நேரிடும். இளங்கொடி கழுத்தை மறைத்துக் கீழே அமைந்த பெண்களில் இப்படி வேரோடுவது முதலாம் சிசேரியனில் 3 சதவீதம், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நாலாவதில் 61 என்று 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு கண்டது. ஆறாம், ஏழாம் கிழமையில் யோனிவழி ஸ்கான் செய்தால் கருப்பையின் நடு வெறுமையாக, கழுத்தும் வெறுமையாக, பை முன்சுவரில் தழும்பிடத்தில் புதைந்திருப்பது தெரியும். அதற்குப் பிந்தினால் பை மேல்நோக்கி வளர்ந்து, சாதாரணக் கர்ப்பம் போலத் தோன்றி ஏமாற்றும். கருச்சிதைவு என்று நினைத்து டி அன்ட் சி செய்தால் இரத்தம் கட்டுக்கடங்காது. இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. ஆகவே, இந்தக் கர்ப்பத்தை நிறுத்த நேர்ந்தால், நேரத்தோடு கண்டுபிடித்துப் பதிந்திருப்பது அவளுக்கும் பாதுகாப்பு, வைத்தியருக்கும் பாதுகாப்பு. ஒளித்து வாங்கிய மாத்திரையைப் போட்டுவிட்டு, முன்பு சீசர் நடந்ததைச் சொல்லாமல் வீட்டில் இருக்கிறவளின் ஆபத்தையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

"உதெல்லாம் கொழும்பிலையும் வெளிநாட்டிலையும் பாக்கிற வேலை" என்று கடைசியாக ஒரு வாதம் வரும். கேள்வி கேட்க எந்த மெசினும் வேண்டாம். 35 வயதுப் பெண்களை வெல் வுமன் கிளினிக்குக்குக் கூப்பிட்டு பாப் சோதனை செய்கிறார்கள். அங்கே சீசர் நடந்ததா, அதன் பிறகு போக்கு நின்றும் கசிகிறதா என்று இரண்டு கேள்வியைக் கூட்டினால் போதும். கர்ப்பம் தங்கியதும் எட்டாம் கிழமைக்கு முன்பே பதியச் சொல்லிக் குடும்பநல உத்தியோகத்தர்கள் ஏற்கெனவே வீடு வீடாகத் திரிகிறார்கள். தழும்புக் கர்ப்பத்தைப் பிடிக்க வேண்டிய நேரமும் அதுதான். முன்பு சீசர் நடந்தவள் என்று கொப்பியில் எழுதும்போதே, ஏழாம் கிழமைக்குள் உள்ளால பார்க்கிற ஸ்கானுக்கு ஒரு திகதியும் எழுதிக் கொடுக்கலாம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி வருகிற பெண்ணுக்கு அந்தத் திகதியை முதலில் கொடுக்க வேண்டும். பிந்தினால் இரத்தப்போக்கோடு அதே படகில்தான் அவளைக் கொண்டுவர வேண்டியிருக்கும்.